அனுராதபுரத்தில் ஒரு பகல்

மருதமடு மாதாவின் திருத்தலத்திற்கு யாத்திரை செல்லும் நம்மவரிற் பலர், அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில் அனுராதபுரம் இருப்பதை அறிவார்கள், ஆயினும் போவதில்லை. “அது புத்தர் ஊர் அல்லவா? நமக்கு அங்கே என்ன?” என்று திரும்பிவிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் குப்பனூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றோடு நாம் மடுவுக்குச் சென்றிருந்தபோது, இக்கேள்வியை நம்மிடம் கேட்டவர் நம் கூட்டத்தில் வயதில் மூத்த அம்மையார் ஒருவர்.

அவர் இலங்கையிலேயே பிறந்தவர். நுவரெலியாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்து, 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி பெற்றோருடன் தமிழகம் திரும்பி, சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் உழைத்து முதுமை எய்தியவர். “சாமி, எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஒரு விகாரை இருந்தது. பூவும் விளக்குமாய் அழகாக இருக்கும். எட்டிப் பார்த்தால் அம்மா அடிப்பார்கள். இப்போது மட்டும் போகலாமா? முதற் கட்டளைக்கு விரோதம் இல்லையா?” என்றார்.

கேலிக்குரிய கேள்வியன்று இது. விசுவாசத்தைத் தவிர வேறு உடைமை இல்லாத ஏழைத் தாய் ஒருத்தி, அதைக் காப்பதற்காகத் தன் மகளை அடித்திருக்கிறாள். ஆகவே பொறுமையாகவே விடை கூறினோம். ஆராதனை இறைவன் ஒருவருக்கே உரியது, அதில் மாற்றமில்லை. ஆனால் மற்றவர் மண்டியிடும் இடத்தில் மரியாதையாக நிற்பது ஆராதனையாகாது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, பிற சமயங்களைப் பற்றிய அறிக்கை, புத்த சமயத்தைப் பெயர் சொல்லியே மதிப்புடன் பேசுகிறது. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் யோசேப் வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் அளித்து, மடுவுக்கும் வந்து, அப்பயணத்திலேயே கொழும்பில் ஒரு புத்த விகாரைக்குள்ளும் சென்று வந்தார். இவற்றையெல்லாம் கேட்ட அம்மையார், “பாப்பானவரே போனாரென்றால் சரி” என்று எழுந்துகொண்டார். நாம் எடுத்துரைத்த சங்க ஏட்டைவிட அந்த ஒரு செய்திதான் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வெள்ளை உடுத்திய கூட்டம்

அதிகாலைத் திருப்பலி முடிந்ததும் வாடகை வேனில் புறப்பட்டோம். நம் வழிகாட்டி மதவாச்சிச் சந்தியில் ஏறிக்கொண்டார். சிங்களவர், புத்த சமயத்தவர், ஐம்பது வயது மதிக்கலாம். வவுனியாவில் கடை வைத்திருந்த காலத்தில் தமிழ் கற்றவராம். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, நமக்கு மட்டுமென அமர்த்திய வழிகாட்டி. இதில் சிறிது செலவு கூடினும் பயன் மிகுதி. மந்தையாகச் செல்லும் பயணத்தில் கேட்க முடியாத கேள்விகளை இதில் கேட்கலாம். பதிலுக்கு அவரும் நம்மைக் கேட்பார் என்பதைத்தான் நாம் எதிர்பார்க்கவில்லை.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறோம். அயல்நாட்டினர்க்கு நுழைவுக் கட்டணம் உண்டு; நம்மைப் போன்ற சார்க் நாட்டினர்க்கு அதிற் சலுகை இருப்பதால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருத்தல் நலம். தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். தொப்பியும் செருப்பும் வெளியே. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது பெருங் குற்றம். ஆடி, ஆவணி மாதங்களில் உச்சி வேளையில் கல்தளம் தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். விவரம் அறிந்தவர்கள் காலுறை அணிந்து நடக்கிறார்கள். நாம் விவரம் அறியாமல் சென்று அன்றிரவு காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டோம்.

முதலில் சென்றது ஸ்ரீ மகா போதி என்னும் அரச மரத்திடம். அசோக மன்னரின் மகள் சங்கமித்திரை, புத்தர் ஞானம் பெற்ற மரத்தின் கிளையைக் கொணர்ந்தாள் என்றும், தேவநம்பிய தீசன் என்ற அரசன் அதை இங்கே நட்டான் என்றும் வரலாறு. 2,200 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மரத்தைத் தலைமுறை தலைமுறையாக மனிதர் காவல் காத்து வருகின்றனர். மரம் நாம் எண்ணியதுபோல் பெரிதன்று. மெலிந்த கிளைகள், அவற்றைப் பொன்முலாம் பூசிய முட்டுக்கால்கள் தாங்கி நிற்கின்றன. கீழே வெள்ளை உடுத்திய மக்கள் தாமரை மொட்டுகளோடு அமர்ந்திருந்தனர். ஒரு தாய் தன் கைக்குழந்தையின் இரு கைகளையும் சேர்த்துக் கும்பிட வைத்துக்கொண்டிருந்தாள். நம் கோவிலில் ஞாயிறுதோறும் காணும் அதே காட்சி.

அந்த மதிலருகே வழிகாட்டி குரலைத் தாழ்த்தினார். 1985-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் விடுதலைப் புலிகள் இந்நகருக்குள் புகுந்து, பேருந்து நிலையத்திலும் இம்மரத்தின் முற்றத்திலும் சுட்டதில் 146 பேர் மாண்டனர். “நான் அப்போது பள்ளிக்கூடப் பையன், ஃபாதர்” என்றதோடு நிறுத்திக்கொண்டார். நாமும் மேலே கேட்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் தமிழர் பட்ட பாடுகள் நம் நெஞ்சில் எழாமல் இல்லை. 1983 ஜூலையை மறந்த தமிழர் யார்? ஆனால் அந்த இடத்தில் அக்கணக்கை எடுத்து வைப்பது முறையன்று என்று தோன்றியது.

நம் அம்மையார் அவர் அருகே சென்று, “சமாவென்ன” என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதற்குச் சிங்களச் சொல். சிறுமியாக இருந்தபோது கற்ற சொற்களில் அவருக்கு நினைவில் நின்றவை சிலவே. அவற்றுள் இது ஒன்று. 1985-இல் அவர் ஏற்காட்டுக்கு மேலே காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவர். எந்தத் துப்பாக்கிக்கும் அவருக்கும் தொடர்பில்லை. வழிகாட்டி பதறிப்போய், “அம்மா, நீங்கள் ஏன்?” என்றார். பிறகு, “1999-இல் மடுக்கோவில் வளவுக்குள்ளேயும் குண்டு விழுந்ததே, அடைக்கலம் தேடி வந்த சனங்கள் செத்தார்களே. அதற்கு உங்களிடம் யார் சொல்வது?” என்றார். அதன் பிறகு அன்று மாலை வரை அவர் அந்த அம்மையாரின் கைப்பையைத் தாமே சுமந்து வந்தார்.

அங்கிருந்து லோகபிரசாதம் என்னும் பழைய துறவியர் மாளிகை நின்ற இடத்தைக் கடந்தோம். 1,600 கல்தூண்கள் மட்டும் நெருக்கமாக நிற்கின்றன. அதற்கு அப்பால் ருவன்வெலிசாயத் தாதுகோபம், 300 அடிக்கும் மேல் உயர்ந்து வெண்மையாய்க் கண்ணைக் கூசச் செய்தது. துட்டகைமுனு மன்னன் இதைக் கட்டத் தொடங்கினான். முடியும் முன்பே மரணப்படுக்கையில் வீழ்ந்தான். அவன் தம்பி சத்தாதீசன், முடியாத பகுதியை வெள்ளைத் துணியாலும் மூங்கிலாலும் மூடி முழுமை பெற்றதுபோலக் காட்ட, பல்லக்கில் வந்த மன்னன் அதைக் கண்டு மனநிறைவோடு உயிர் நீத்தான் என்கிறது மகாவமிசம். கோவில் கட்டத் தொடங்கிவிட்டு, கூரை போடுவதற்குள் இடமாற்ற ஓலை பெறும் பங்குக் குருக்களுக்கு இம்மன்னனின் மனம் நன்கு விளங்கும்.

கல்லில் ஒரு சிலுவை

நண்பகல் வெயிலுக்கு ஒதுங்கத் தொல்பொருள் அருங்காட்சியகத்திற்குள் நுழைந்தோம். நம் வாசகர்கள் முக்கியமாக அறிய வேண்டியது இங்கேதான் உள்ளது. 1912-ஆம் ஆண்டு இந்நகரத்து அகழ்வில் உடைந்த கருங்கல் தூண் ஒன்று கிடைத்தது. அதன் வழுவழுப்பான பக்கத்திலே ஒரு சிலுவை குடைந்து செதுக்கப்பட்டிருக்கிறது. அடியிலிருந்து இருபுறமும் இலைகள் கிளம்பி மேல்நோக்கி வளைகின்றன. பாடுபட்ட சுரூபம் இல்லை, வெறுஞ் சிலுவைதான். பரங்கிமலையில் புனித தோமையார் கோவில் பீடத்தில் உள்ள பழைய கற்சிலுவையைக் கண்டவர்கள் இதனை உடனே உறவு கண்டுகொள்வார்கள்.

முதலில் இதைப் போர்த்துக்கீசியர் காலத்தது என்றே சில அறிஞர் எண்ணினர். பின்னர் அது பாரசீகக் கிறிஸ்தவர்களுடையது என்ற கருத்து வலுப்பெற்றது. அதற்கு ஆதாரமாக அமைந்தது அலெக்சாந்திரியாவின் கோஸ்மாஸ் என்னும் வணிகர் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய நூல். இலங்கைத் தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் திருச்சபை ஒன்று இருந்தது, அதற்குக் குருவானவர் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்டு வந்தார், தியாக்கோனும் முறையான வழிபாடும் இருந்தன, ஆனால் அரசனும் நாட்டு மக்களும் வேறு சமயத்தவர் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். போர்த்துக்கீசியர் இலங்கையில் காலடி வைத்தது 1505-இல். அதற்கு ஓராயிரம் ஆண்டுக்கு முன்பே இத்தீவில் திருப்பலி நிறைவேறியிருக்கிறது!

நம்முடன் வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு உவகை தாங்கவில்லை. “நாமும் இங்கே பழங்குடிகள்தாம் சாமி!” என்றார். உண்மைதான். இந்நகரில் 2,000 ஆண்டுக்கு முற்பட்ட ஒரு பாறைக் கல்வெட்டு, தமிழ் இல்லறத்தார்க்கென அமைந்த மாடத்தைக் கூறி, ஒரு கப்பல் தலைவன் உட்பட அவரவர் இருக்கையையும் குறிக்கிறது என்று நாம் சொன்னபோது அவர் மகிழ்ச்சி இரட்டித்தது. ஆனால் நமக்கோ வேறொன்று மனத்தில் ஓடிற்று. கோஸ்மாஸ் சொன்ன அந்தக் குருவானவர், தாதுகோபங்கள் சூழ்ந்த தலைநகரிலே சிலுவையைச் செதுக்க யாரிடம் இசைவு கேட்டிருப்பார்? ஆயிரக்கணக்கான பிக்குகள் வாழ்ந்த ஊர் இது. புத்த மன்னன் ஆண்ட நாடு. அங்கே நமக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது.

வெளியே மரநிழலில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் வழிகாட்டி அந்தக் கேள்வியைக் கேட்டார்: “உங்கள் நாட்டிலும் முன்பு புத்த சமயம் இருந்ததாமே? விகாரைகள் உண்டா, ஃபாதர்?”

ஆசிரியர் முந்திக்கொண்டார். காஞ்சியையும் நாகப்பட்டினத்தையும் கூறி, கடாரத்தரசன் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக விட்டதைப் பெருமிதத்தோடு விளக்கினார். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, “அந்த இராசராசன் படைதான் 993-இல் இங்கே வந்தது. அதோடு இந்தத் தலைநகரம் முடிந்தது” என்றார். ஆசிரியர் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே அரசன், அங்கே கொடுத்த கை, இங்கே உடைத்த கை.

“நாகப்பட்டினத்து விகாரை இப்போதும் இருக்கிறதா?” என்றார் வழிகாட்டி.

இதற்கு விடை சொல்ல வேண்டியவர் ஆசிரியர் அல்லர், நாம்தாம். வேளாங்கண்ணிக்கு ஆண்டுதோறும் நாகை வழியாகச் செல்லும் நம் மக்களிற் பெரும்பாலோர் அறியாத செய்தி அது. கடலோடிகளுக்கு அடையாளமாய் விளங்கிய மூன்றடுக்குச் செங்கற் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டு வரை அங்கே நின்றது. சீனக் கோவில் என்றும் புதுவெளிக் கோபுரம் என்றும் மக்கள் வழங்கினர். அதன் அருகே இடம் பெற்றிருந்த நம் சேசு சபைக் குருக்கள், அரசின் இசைவோடு 1867-ஆம் ஆண்டில் அதை இடித்துவிட்டனர். அப்பகுதியில் 1856-ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகளாக மண்ணுக்குள்ளிருந்து 350 அளவிலான புத்தர் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுட் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. கோபுரம் இல்லை.

இடித்தவர்கள் தீயோர் அல்லர். கல்விக்காகத் தம்மை உருக்கிக்கொண்டவர்கள். அவர்கள் நாகையில் 1844-இல் தொடங்கிய கல்லூரிதான் பின்னர் திருச்சிக்கு மாறிப் புனித வளனார் கல்லூரியாகத் தழைத்தது; தமிழகத்தில் அதனால் பயன்பெறாத கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவே. சிதைந்த கோபுரம், யாரும் வழிபடாத இடம் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். ஆயினும் இடித்தது இடித்ததுதான். குருமடத்தில் திருச்சபை வரலாறு பல ஆண்டுகள் பயின்ற நமக்கும் இச்செய்தி அங்கே கற்பிக்கப்படவில்லை. பிற்காலத்தில் தற்செயலாக ஒரு நூலிற் படித்தே அறிந்தோம். இத்தனையையும் மரநிழலில் அந்த மனிதரிடம் சொன்னோம். சொல்லும்போது, காலையில் நம் அம்மையார் சொன்ன ஒற்றைச் சொல் எவ்வளவு கடினமானது என்று விளங்கிற்று.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தூண்கள் நின்ற திசையைக் காட்டி, “அந்த மாளிகையை உடைத்ததும் புத்த அரசன்தான், ஃபாதர். மகாசேனன். சொல்லிக் கொடுத்தவர் ஒரு பிக்கு” என்றார். “சோழ நாட்டுப் பிக்கு” என்று மெதுவாகச் சேர்த்தார் ஆசிரியர். மூவரும் சிரித்துவிட்டோம்.

நம் சேலம் நகரிலேயே தலைவெட்டி முனியப்பன் என்று வழங்கி வந்த சிலை புத்தர் சிலையே என 2022-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரிலும் பெரிய புத்தர் சிலைகள் உண்டு. சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து இவற்றைக் காணக் கப்பலோ விமானமோ வேண்டியதில்லை.

பல்லக்கை நிறுத்திய இடம்

பிற்பகலை விரைந்து கூறிவிடலாம். அந்த மகாசேன மன்னன் எழுப்பிய சேதவனராமம், கட்டிய காலத்தில் ஏறத்தாழ 400 அடி உயர்ந்து, எகிப்தின் இரு பெரும் பிரமிடுகளுக்கு அடுத்த உயரமுடையதாய் விளங்கியது. ஒன்பது கோடிக்கு மேல் செங்கல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் கூட்டத்தில் ஒருவர் கொத்தனார். அவர் சிலை எதையும் பாராமல் அச்செங்கல்லின் விளிம்பைத் தடவியபடியே பாதிச் சுற்று நடந்தார். அடுத்துச் சமாதி நிலைப் புத்தர் சிலை; நேரு சிறையில் இதன் படத்தை மேசைமேல் வைத்து ஆறுதல் பெற்றதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இரட்டைக் குளத்தின் படிகளில் சிறுவர்கள் இறங்கியேறி விளையாடினர்.

அபயகிரியில் சற்று நின்றோம். 5-ஆம் நூற்றாண்டில் இங்கே தங்கிய சீனத் துறவி பாகியான், புத்தர் சிலைமுன் எவரோ காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறி ஒன்றைக் கண்டார். அது தம் நாட்டு விசிறி. பல்லாண்டு பிரிந்திருந்த தாயகம் நினைவுக்கு வர, கண்ணீர் தாரையாய் வழிந்ததென அவரே எழுதியிருக்கிறார். இதைக் கேட்ட நம் அம்மையார், “எனக்கு எந்த ஊர் விசிறியைப் பார்த்தால் அழுகை வரும் என்று தெரியவில்லை சாமி” என்றார். ஏற்காட்டிலே அவரைச் சிலோன்காரி என்றார்கள். சிலோனிலே இந்தியாக்காரி என்றிருந்தார்கள்.

மாலை ஐந்து மணிக்கு நகரின் தெற்கே ஒரு மண்மேட்டருகே வந்தோம். எல்லாளனின் சமாதி என்று நெடுங்காலம் வழங்கிய இடம்.

எல்லாளன் சோழ நாட்டிலிருந்து சென்று இந்நகரை 44 ஆண்டு ஆண்டவன். கன்றின்மேல் தேரோட்டிய தன் மகனைத் தேர்க்காலில் இட்ட நீதிமான் என்று, திருவாரூர் மனுநீதிச் சோழனைப் பற்றி நாம் கூறும் அதே கதையை, மகாவமிசம் இவனைப் பற்றிக் கூறுகிறது. பகைவனுக்கும் நண்பனுக்கும் ஒரே நீதி செலுத்தினான் என்று புகழ்வது, அவனை வீழ்த்தியவர் தரப்பு நூல்! தென்வாயிலருகே யானைமீதிருந்து நிகழ்ந்த நேருக்கு நேர்ப் போரில் துட்டகைமுனு அவனைக் கொன்றான். வென்றவன் என்ன செய்தான்? விழுந்த இடத்திலேயே அவனைத் தகனம் செய்து நினைவுச்சின்னம் எழுப்பினான். அதனைக் கடக்கும்போது வாத்திய முழக்கத்தை நிறுத்தும் வழக்கம் அரசர்களிடையே நெடுங்காலம் நிலைத்தது.

இவ்வழக்கம் ஏட்டோடு நின்றதன்று. 1818-ஆம் ஆண்டு, ஆங்கிலேயருக்கெதிரான கண்டிக் கிளர்ச்சி முறிந்தபோது, பிலிமத்தலாவை என்ற சிங்களப் பெருங்குடித் தலைவர் உயிர் தப்ப இவ்வழியே ஓடிவந்தார். உடல் தளர்ந்து பல்லக்கில் வந்தவர், இப்பக்கம் நெருங்கியதும் இறங்கிவிட்டார். சமாதி சரியாக எவ்விடத்தில் இருக்கிறதென அவருக்குத் தெரியாது. ஆகவே அதைக் கடந்து வெகுதூரம் வந்துவிட்டோம் என்று உறுதியாகும் வரை நடந்தே சென்றாராம். பின்னால் துரத்தும் படை. முன்னால் 2,000 ஆண்டுக்கு முன் மாண்ட அயல்நாட்டு அரசன் ஒருவனின் சாம்பல். ஃபோர்ப்ஸ் என்ற ஆங்கிலப் படையதிகாரி இதைப் பதிவு செய்திருக்கிறார்.

20-ஆம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர்கள் இம்மேடு சமாதியன்று, தக்கிண தூபி என்ற விகாரைச் சின்னம் என்றனர். பிறகு, துட்டகைமுனுவின் சாம்பலே இங்குள்ளது என்ற வாதமும் எழுந்தது. ஆசிரியர் இதைக் கேட்டு முகம் வாடினார். “எல்லாளனுக்கு இருந்த ஒரே இடத்தையும் எடுத்துக்கொண்டார்களா?” என்றார். வழிகாட்டி மறுத்தும் பேசவில்லை, ஒத்தும் பேசவில்லை. “அறிஞர்கள் என்ன சொன்னாலும் என் பாட்டனார் இங்கே தொப்பியைக் கழற்றுவார், சார்” என்றார்.

திரும்ப வேனில் ஏறப் போனோம். அம்மையார் ஏறவில்லை. “அந்த ஐயா இறங்கி நடந்தாரென்றால் நாமும் கொஞ்சம் நடப்போமே” என்றார். காலெல்லாம் கொப்புளம், மறுக்கவும் மனமில்லை. வேனை முன்னே போகச் சொல்லிவிட்டுச் சாலையோரமாக நடந்தோம். சிறுவர்கள்கூடச் சத்தமிடவில்லை. ஒரு பர்லாங்கு கடந்திருப்போம். ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்திருந்தார். இது போதுமா என்று வழிகாட்டியின் முகத்தைப் பார்த்தோம்.

அவர் திரும்பி மேட்டைப் பார்த்தார். கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டார். “எல்லை எதுவென்று நமக்கும் தெரியாதே, ஃபாதர். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் ஏறுவோம்” என்றார்.